சேட்டு வீட்டு மோர்க்குழம்பு

சேட்டுன்னு சொன்னதும் நம்ம ஊர்ல பத்துல ஒன்பது பேருக்கு அடகுக்கடைதான் ஞாபகம் வரும். மிச்சம் இருக்கற அந்த ஒருத்தர் சௌகார்பேட்டைக்குப் போய் ஜிலேபி சாப்பிட்டவரா இருப்பார். தங்கசாலைத் தெருவுல நின்னுக்கிட்டே சாப்பிடற சாட் ஐட்டம், நெய் சொட்டற இனிப்பு, இதுதான் மார்வாடி சாப்பாடுன்னு நாம முடிவு கட்டி வச்சிருக்கோம். அவங்க வீட்டுக்குள்ள செவ்வாய்க்கிழமை மத்தியானம் என்ன குழம்பு வைக்கறாங்கன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்னு கீழே சொல்றேன், அவசரப்படாதீங்க.

இன்னைக்கு மேட்டர் கட்டே கி சப்ஜி. 'கட்டை'ன்னு படிச்சிடாதீங்க மக்களே. காந்தியில வர்ற 'கா' மாதிரி அழுத்திச் சொல்லணும். கடலை மாவுல காரம் உப்பு போட்டுப் பிசைஞ்சு, விரல் மொத்தத்துக்கு நீளமா உருட்டி, கொதிக்கற தண்ணியில வேகவச்சு, துண்டு துண்டா நறுக்கித் தயிர்க் குழம்புல போடறது. அவ்ளோதான் விஷயம். காய்கறி ஒண்ணு கூட இல்ல. வெங்காயம், பூண்டு, தக்காளி எதுவும் வேணாம். "காயே இல்லாம என்னய்யா குழம்பு?"ன்னு கேட்டா, அதுதான் அந்த ஊரோட கதையே.

மார்வார்ங்கறது ஜோத்பூரைச் சுத்தி இருக்கற மேற்கு ராஜஸ்தான் பகுதி. பாதி பாலைவனம். நம்ம மாதிரி வாசல்ல கீரைக்காரம்மா வந்து கூவற ஊர் கிடையாது. கிடைச்ச கேர் காயையும் சாங்ரி காயையும் வெயில்ல காயவச்சு எடுத்து வச்சுக்கிட்டு வருஷம் பூரா ஓட்டுவாங்க. ஆனா மாடு இருந்துச்சு, அதனால தயிர், மோர், நெய்க்குப் பஞ்சமில்ல. கடலை விளைஞ்சது, மாவா அரைச்சு வச்சா நாள்பட நிக்கும். தண்ணியைச் செலவு பண்ணாம, காய் இல்லாம, கையில இருக்கறதை வச்சு ஒப்பேத்தின சமையல் இது. இதுக்கு மேல ஜைனக் குடும்பங்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கு. மண்ணுக்கடியில விளையற உருளை, வெங்காயம், பூண்டு எதையும் தொட மாட்டாங்க. மழைக்காலத்து நாலு மாசம் கீரை வகையையும் நிறைய பேர் விட்டுடுவாங்க. அஷ்டமி, சதுர்த்தசி மாதிரி நாள்ல பச்சைக் காயே கூடாதுன்னு இருக்கறவங்களும் உண்டு. அன்னைக்கெல்லாம் கட்டே, இல்லேன்னா அப்பளத்தை உடைச்சுப் போட்டு ஒரு குழம்பு. அப்பளத்துல குழம்பான்னு சிரிக்காதீங்க, அது தனிச் சுவை.

நமக்கு இது அந்நியமான ஐட்டமும் இல்ல. நம்ம வீட்ல பருப்பு உருண்டை மோர்க்குழம்பு வைக்கறோமே, அதோட ஒண்ணுவிட்ட அண்ணன்னு சொல்லலாம். நாம பருப்பை ஊறவச்சு அரைக்கறோம், அவங்க காஞ்ச மாவா எடுத்துக்கறாங்க. நாம தேங்காய் அரைச்சு ஊத்தறோம். அவங்க ஊர்ல தென்னை ஏது, அதனால மிளகாய்த்தூள், தனியாத்தூள். பெரிய வித்தியாசம் ஒண்ணே ஒண்ணுதான். நம்ம மோர்க்குழம்பை நுரை கட்டினதும் இறக்கிடணும், கொதிக்கவே விடக்கூடாது. அவங்களோடது நல்லாக் கொதிச்சு, ஓரத்துல நெய் பிரிஞ்சு நிக்கணும்.

சின்ன வயசுல எனக்கு அதோட பேரு தெரியாது. 'சேட்டு வீட்டு மோர்க்குழம்பு'ன்னுதான் சொல்லுவேன். சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா கொண்டு வர்ற தூக்குச் சட்டியைத் திறந்தா உள்ள அதுதான் இருக்கும்.

எங்க ஊர் அனகாபுத்தூர். இப்ப, அதாவது 2021-லருந்து, தாம்பரம் மாநகராட்சிக்குள்ள வந்துடுச்சு. ஒரு பக்கம் அடையாறு, இன்னொரு பக்கம் தலைக்கு மேல தாழப் பறக்கற ஏரோப்ளேன். வெளியூர்க்காரங்களுக்கு ஊர் பேரு தெரியுதுன்னா அது நெசவாலதான். ஒரு காலத்துல நைஜீரியாவுக்குப் போன 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீஃப்' கட்டம் போட்ட துணி இங்க நெஞ்சது. அந்த ஏற்றுமதி படுத்தப்புறம் தறிகளும் ஒண்ணொண்ணா நின்னுச்சு. இப்ப வாழைநாருல சேலை நெய்யறாங்கன்னு பேப்பர்ல அப்பப்ப போட்டோ வரும். எங்க தாத்தா தறி போட்டவர். அப்பா காலத்துல தறி இல்ல, பம்மல்ல ஒரு தோல் கம்பெனியில வேலை. 2006-ல அப்பாவுக்கு முதுகுல அடிபட்டு படுத்துட்டார். நான் அப்ப நாலாவது படிச்சுக்கிட்டிருந்தேன்.

அந்த வருஷம்தான் அம்மா பல்லாவரத்துல ஒரு மார்வாடி வீட்டுக்கு சமையல் வேலைக்குப் போக ஆரம்பிச்சாங்க. கீழே அடகுக்கடை, மேல வீடு. மாசம் 1,500 ரூபாய். காலையில ஏழு மணிக்கு ஷேர் ஆட்டோ பிடிச்சுப் போனா சாயங்காலம் ஆறுக்குள்ள திரும்பிடுவாங்க. ராத்திரி சமையல் இல்லையான்னு கேப்பீங்க. அவங்க ஜைனர், பொழுது சாயறதுக்கு முன்னாடியே சாப்பிட்டு முடிச்சிடுவாங்க. உலகத்துல வேற எந்த வீட்டு சமையல் வேலைக்குப் போயிருந்தாலும் ராத்திரி ஒன்பது மணியாகியிருக்கும். என்னோட ஹோம்வொர்க்கை அம்மா பக்கத்துல உக்காந்து பாக்க முடிஞ்சதுக்கு மகாவீரர்தான் காரணம்னு நான் ஜோக் அடிப்பேன். அம்மா சிரிக்க மாட்டாங்க.

சிரிக்க மாட்டாங்கன்னு சொன்னேன் இல்ல, அந்த வேலையைப் பத்திப் பேசறதே அவங்களுக்குப் பிடிக்காது. அக்கம்பக்கத்துல 'ஒரு கம்பெனிக்குப் போறேன்'னுதான் சொல்லி வச்சிருந்தாங்க. சொந்தக்காரங்க கல்யாணத்துல யாராவது கேட்டா பேச்சை மாத்திடுவாங்க. தறி போட்ட வீட்டு மருமக, இன்னொரு வீட்ல போய் கரண்டி பிடிச்சான்னு யாரும் சொல்லிடக் கூடாதாம். 13 வருஷம் போனாங்க. 2018-ல எனக்கு வேலை கிடைச்சு, பொட்டி தட்ட ஆரம்பிச்சு, 2019-ல "போதும்மா"ன்னு சொன்னதும் நின்னுட்டாங்க. அன்னையிலருந்து எங்க வீட்ல ஒருநாள் கூட கட்டே கிடையாது. எத்தனையோ தடவை கேட்டுட்டேன். "அது அவங்க வீட்டுச் சமையல்டா. நம்ம வீட்ல எதுக்கு?" அதோட பேச்சு முடிஞ்சது.

அந்த வீடு நல்ல வீடா கெட்ட வீடான்னு கேட்டா என்னால ஒரு வரியில சொல்ல முடியாது. 2014-ல என் காலேஜ் ஃபீஸுக்கு அம்மா மூணு பவுன் செயினைக் கழட்டி கீழே கடையில சேட்டுகிட்டயே வச்சாங்க. எல்லாருக்கும் மாசம் ரெண்டு வட்டின்னா அம்மாவுக்கு ஒன்றரை. ரசீது மட்டும் எல்லாருக்கும் மாதிரியே கறாரா எழுதித் தந்தார். வட்டி கட்ட லேட்டானா ஒரு வார்த்தை சொல்ல மாட்டார், ஆனா சம்பளத்துலயும் தானா ஒரு ரூபாய் ஏத்த மாட்டார். மாஜி, அதாவது சேட்டோட அம்மா, அவங்கதான் எங்கம்மாவுக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தது. அவங்களுக்குத் தமிழ் பாதி, எங்கம்மாவுக்கு ஹிந்தி கால்வாசி. இந்த முக்கால் பாஷையிலயே 13 வருஷம் ரெண்டு பேரும் சண்டை போட்டு, சிரிச்சு, காய்ச்சல் வந்தா கஷாயம் வச்சுக் குடுத்துக்கிட்டாங்க. அதே சமயம், அம்மா டீ குடிக்கற டம்ளர் பின்பக்க ஜன்னல் மேல தனியா இருக்கும். அந்த வீட்ல அத்தனை பேரும் சாப்பிடற சாப்பாட்டை செஞ்சது எங்கம்மா கை. டம்ளர் மட்டும் ஜன்னல்ல. ஸ்கூல் லீவுல கூடப் போகும்போது நானே பாத்திருக்கேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 2015 டிசம்பர் 1-ம் தேதி ராத்திரி. சென்னைவாசிகளுக்கு விளக்கம் வேணாம். செம்பரம்பாக்கத்துலருந்து வந்த தண்ணி அடையாத்துல போறப்ப, முதல்ல வாங்கிக் கட்டிக்கிட்ட ஊர்கள்ல எங்களோடதும் ஒண்ணு. விடியறப்ப எங்க வீட்ல இடுப்பளவு தண்ணி. அப்பாவை நானும் எதிர்வீட்டு அண்ணனும் நாற்காலியோட தூக்கிக்கிட்டு மேட்டுக்கு வந்தோம். ஒரு பையில என் சர்ட்டிபிகேட், அப்பா மாத்திரை. எங்க போறதுன்னு தெரியாம பம்மல் ரோட்டுல நின்னப்ப அம்மா ஒண்ணும் பேசாம பல்லாவரம் பக்கம் நடக்க ஆரம்பிச்சாங்க.

மாஜி ஒரு கேள்வி கேக்கல. மொட்டைமாடி ரூமைத் திறந்து விட்டாங்க. மூணு ராத்திரி அங்க இருந்தோம். கரண்ட் கிடையாது, போன் கிடையாது, பால் கிடைக்கல, கடையில காய் இல்ல. வீட்ல உறை ஊத்தின தயிர் ஒரு பெரிய சட்டி நிறைய இருந்துச்சு. ஃப்ரிட்ஜ் ஓடாம அது நல்லாப் புளிச்சுப் போச்சு. நம்ம வீடா இருந்தா கீழே கொட்டியிருப்போம். கட்டேவுக்குப் புளிச்ச தயிர்தான் வேணும். கடலை மாவு டின் நிறைய இருந்துச்சு. மூணு நாளும் மதியம் கட்டே, சாயங்காலம் அப்பளக் குழம்பு. தண்ணியே இல்லாத ஊர்ல கண்டுபிடிச்ச சாப்பாட்டை, சுத்தி எங்க பாத்தாலும் தண்ணியா இருந்தப்ப சாப்பிட்டோம். அவங்க ஆறு பேர், நாங்க மூணு பேர், கூடத்துல ஒரே வரிசையா உக்காந்தோம். மாஜி அவங்க கையாலயே எங்கம்மாவுக்குப் பரிமாறினாங்க. அந்த வீட்ல எங்கம்மா உக்காந்து சாப்பிட்டதை நான் அப்பதான் பாத்தேன்.

நாலாவது நாள் தண்ணி வடிஞ்சு வீட்டுக்குப் போனோம். சேறு அள்ள ஒரு வாரம் ஆச்சு. திரும்ப வேலைக்குப் போன அன்னைக்கு டம்ளர் பழைய ஜன்னல்லயேதான் இருந்துச்சாம். இதை அம்மா கோபமா சொல்லல. சும்மா, பஸ் லேட்டுன்னு சொல்ற மாதிரி சொன்னாங்க.

சரி, அடுப்படிக்கு வருவோம். போன மாசம் அம்மா பாத்ரூம்ல வழுக்கி வலது மணிக்கட்டுல எலும்பு விட்டுடுச்சு. ஆறு வாரம் மாவுக்கட்டு. பகல்ல தங்கமணி ஸ்கூலுக்குப் போயிடுவா, டீச்சர். அதனால வீட்டுலருந்தே ஆணி புடுங்கற புண்ணியவான் நான்தான் மத்தியானச் சமையல். அம்மா அடுப்படி வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்து டைரக்‌ஷன். ஒரு வாரம் சாம்பார், ரசம், பொரியல்னு போச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, நான் கேக்காமலேயே, "கடலைப்பருப்பு ஒரு கிலோ மில்லுல குடுத்து நைஸா அரைச்சுட்டு வா"ன்னாங்க. எதுக்குன்னு கேட்டேன். "கட்டே கட்டேன்னு உசுர வாங்குவியே. என் கைக்குத்தான் கட்டு போட்டிருக்கு, உன் கைக்கு இல்லையே."

பாக்கெட் கடலை மாவுலயும் செய்யலாம், ஒண்ணும் குத்தமில்ல. ஆனா 'பஜ்ஜி போண்டா மாவு'ன்னு விக்கறதை வாங்கிடாதீங்க. அதுல அரிசி மாவும் சோடாவும் கலந்திருக்கும், வேகறப்பவே கரைஞ்சுடும். மில்லுல அரைக்கக் குடுக்கறவங்க, முன்னாடி மிளகாய் அரைச்சாங்களான்னு கேட்டுட்டுக் குடுங்க.

நாலு பேருக்கு ரெண்டு கப் மாவு, கிட்டத்தட்ட 200 கிராம். அதுல அரை ஸ்பூன் ஓமம், உள்ளங்கையில வச்சு நசுக்கிப் போடணும். மிளகாய்த்தூள் ஒரு ஸ்பூன், தனியாத்தூள் ஒரு ஸ்பூன், மஞ்சள்தூள் கால் ஸ்பூன், பெருங்காயம், உப்பு. அப்புறம் எண்ணெய் மூணு டேபிள்ஸ்பூன். இங்கதான் எல்லாரும் கஞ்சத்தனம் பண்ணுவாங்கன்னு அம்மா சொன்னாங்க. எண்ணெய் மாவுல ஒவ்வொரு துகளையும் சுத்திப் பூசிக்கிட்டாதான் வெந்தப்புறம் பூ மாதிரி இருக்கும். குறைச்சா, ஆறினதும் கோலிக்குண்டு. எண்ணெய் விட்டு நல்லாப் பிசறி, மாவை ஒரு பிடி பிடிச்சா உதிராம கொழுக்கட்டை மாதிரி நிக்கணும். அப்பதான் தண்ணி. அதுவும் வெதுவெதுன்னு, ஸ்பூன் ஸ்பூனா. நாலஞ்சு ஸ்பூன்ல முடிஞ்சுடும். சப்பாத்தி மாவை விட இறுக்கமா இருக்கணும்.

நெட்ல பாத்தா எல்லாரும் இந்த மாவுலயே தயிர் ஊத்திப் பிசையறாங்க. நானும் தயிர் டப்பாவை எடுத்தேன். "அதை உள்ள வை"ன்னாங்க அம்மா. ஏன்னா ஜைனர்கள் காய்ச்சாத தயிரையும் பருப்பு வகையையும் ஒண்ணா சேக்க மாட்டாங்க. ரெண்டாப் பிளக்கற தானியத்துல பச்சைத் தயிர் பட்டா அதுல கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் உண்டாகிடும்ங்கறது அவங்க நம்பிக்கை. 'துவிதல்'னு அதுக்குப் பேரு. தயிரைச் சுடவச்சுட்டா அப்புறம் சேக்கலாம். எங்கம்மா ஜைனர் இல்ல, நாங்க வாராவாரம் மீன் வாங்கற குடும்பம். ஆனா 13 வருஷம் ஒரு மாதிரி செஞ்ச கைக்கு, வேற மாதிரி செய்யச் சொல்ல வரல. நானும் விட்டுட்டேன்.

மாவை ஆறு உருண்டையாக்கி, பலகையில வச்சு விரல் மொத்தத்துக்கு உருட்டினேன். ஒரு பாத்திரத்துல நாலு கப் தண்ணி தளதளன்னு கொதிக்கறப்ப ஒண்ணொண்ணா விடணும். தண்ணி கொதிக்கறதுக்கு முன்னாடி போட்டா மேல் மாவு கரையும். முதல்ல அடியில போய்ப் படுத்துக்கும். கொஞ்ச நேரத்துல மெல்ல மேல மிதந்து வரும். மிதந்ததும் எடுத்துடலாம்னு தோணும், எடுக்கக் கூடாது. மேல் தோல்ல சின்னச் சின்னதா கொப்புளம் தெரியணும், கத்தியால குத்தினா ஒட்டாம வரணும். மொத்தம் 12-லருந்து 15 நிமிஷம். எடுத்து ஆறவச்சு அரை இஞ்ச் துண்டா நறுக்கிக்கணும். வேகவச்ச தண்ணியைக் கீழே கொட்டினா அம்மா கைல கட்டோடயே அடிப்பாங்க. பாலைவனத்துக்காரங்க ஒரு சொட்டு கொட்ட மாட்டாங்க, குழம்புக்கு அதுதான் தண்ணி. அதுல மாவும் காரமும் இறங்கியிருக்கும், கெட்டியாவும் ஆக்கும்.

அடுத்தது தயிர். இந்தக் குழம்போட உயிரே இங்கதான் இருக்கு. ஒன்றரை கப் புளிச்ச கெட்டித் தயிர், கொழுப்பெடுக்காத பால்ல உறை ஊத்தினது. ஃப்ரிட்ஜுலருந்து முன்னாடியே எடுத்து வச்சு ஜில்லிப்பு போயிருக்கணும். தயிரைச் சூடு பண்ணினா அதுல இருக்கற புரதம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, தண்ணியை வெளிய தள்ளிடும். அதைத்தான் திரிஞ்சுபோச்சுங்கறோம். நடுவுல கொஞ்சம் மாவுச்சத்து இருந்தா ஒட்ட விடாது. அதுக்குத்தான் மத்தவங்க தயிர்ல கடலை மாவு கரைக்கறாங்க. ஆனா துவிதல் கணக்குப்படி காய்ச்சாத தயிர்ல கடலை மாவு கூடாது. அப்ப என்ன பண்றது? மாஜி வீட்ல அதுவரைக்கும் தயிரை மட்டும் சின்னத் தீயில வச்சு, கை நிறுத்தாம கிண்டுவாங்களாம். ஒரு போன் வந்தா போச்சு. எங்கம்மா சேந்த புதுசுல ஒருநாள், ஒரு ஸ்பூன் அரிசி மாவைத் தயிர்ல போட்டு அடிச்சிருக்காங்க. நம்ம மோர்க்குழம்புக்கு ஊறவச்ச அரிசியை அரைச்சு விடற பழக்கம். மாஜி பாத்துட்டு "ஏ கியா?"ன்னு கத்த, "அரிசி பருப்பு இல்லையே மாஜி"ன்னு இவங்க. மாஜி கொஞ்ச நேரம் யோசிச்சாங்களாம். அரிசி ரெண்டாப் பிளக்காது. சாஸ்திரத்துல இடிக்கல. அன்னையிலருந்து அந்த வீட்ல கட்டேவுக்கு அரிசி மாவுதான். இந்தக் கதையை அன்னைக்குத்தான் எனக்கே அம்மா சொன்னாங்க. சொல்லும்போது மூஞ்சியில ஒரு பெருமை இருந்துச்சு, மறைக்கத் தெரியல.

தயிரோட அரிசி மாவு ஒரு ஸ்பூன், மிளகாய்த்தூள் ரெண்டு ஸ்பூன், தனியாத்தூள் ரெண்டு ஸ்பூன், மஞ்சள் போட்டு கட்டியில்லாம அடிச்சுக்கணும். உப்பு இப்ப வேணாம், கடைசியில. வாணலியில நெய் ரெண்டு ஸ்பூன் விட்டு சீரகம், பெருங்காயம், ரெண்டு கிராம்பு, ஒரு பிரிஞ்சி இலை. அடுப்பைச் சின்னதா வச்சு தயிரை ஊத்தி, கொதி வர்ற வரைக்கும் கிண்டிக்கிட்டே இருக்கணும். ஒரு ஏழெட்டு நிமிஷம் ஆகும். கொதி வந்துட்டா அப்புறம் பயமில்ல. ஓரத்துல செக்கச்செவேல்னு நெய் பிரியும். அப்ப வேகவச்ச தண்ணி ரெண்டு கப், உப்பு, நறுக்கின கட்டே. பத்து நிமிஷம் கொதிச்சா முடிஞ்சது. ஆற ஆற கட்டே குழம்பை உறிஞ்சும், அதனால கொஞ்சம் தளர்வாவே இறக்குங்க. அவங்க ஃபுல்காவுக்கும் கம்பு ரொட்டிக்கும் தொட்டுக்குவாங்க. நாங்க சுடச்சுட சாதத்துல பிசைஞ்சு அடிக்கற கோஷ்டி.

ஓமம் வாசனை தெருமுனை வரைக்கும் போயிருக்கும் போல. மதுராந்தகத்துலருந்து அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டு வந்த தங்கமணி, செருப்பைக் கழட்டும்போதே "என்ன வாசனை இது?"ன்னா.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். போன தை மாசம்தான் எங்க கல்யாணம். பொண்ணு பாக்கற பேச்சுல எங்க சித்தப்பா "அண்ணி வீட்டோடதான் இருந்தாங்க, வெளிய வேலைக்கெல்லாம் போனதில்ல"ன்னு கெத்தா சொல்லிட்டு வந்துட்டார். அம்மாவும் அதை அப்படியே விட்டுட்டாங்க. நான் நிச்சயத்துக்கு முன்னாடியே தங்கமணிகிட்ட உள்ளது உள்ளபடி சொல்லிட்டேன். "உங்கம்மா சொல்றப்ப சொல்லட்டும், அதுவரைக்கும் எனக்குத் தெரியாது"ன்னு அவ சொல்லிட்டா. இத்தனை மாசம் அவ வாயத் திறக்கல. அம்மா ஸ்டீல் தூக்கை பரண்மேல ஒளிச்சு வச்சிருக்கறதைப் பாத்தும் கேக்கல.

சாப்பிட உக்காந்தோம். அப்பாவுக்கு முதல்ல. அவர் ஒரு வாய் வச்சதும் அம்மாவைப் பாத்தார், ஒண்ணும் சொல்லாம அடுத்த வாய். தங்கமணி ரெண்டாவது தடவை குழம்பு ஊத்திக்கிட்டு, சாதாரணமா, "அத்தை, இது நம்ம பக்கத்து சமையல் மாதிரி இல்லையே. எங்க கத்துக்கிட்டீங்க?"ன்னு கேட்டா.

நான் தட்டைப் பாத்துக்கிட்டேன். மேல ஒரு ப்ளேன் போச்சு, எங்க வீட்ல ப்ளேன் போறப்ப எல்லாரும் பேச்சை நிறுத்திக்கறது பழக்கம். போய் முடிஞ்சது. அம்மா இடது கையில ஸ்பூனைப் பிடிச்சு கட்டேவை ரெண்டா உடைச்சுக்கிட்டே, "பல்லாவரத்துல ஒரு சேட்டு வீட்ல பதிமூணு வருஷம் சமையல் வேலைக்குப் போனேம்மா"ன்னாங்க.

"எவ்ளோ குடுத்தாங்க?"

அம்மா நிமிந்து பாத்தாங்க. என்ன எதிர்பாத்தாங்கன்னு தெரியல, நிச்சயம் இதை இல்ல. "மொதல்ல ஆயிரத்து ஐநூறு. நிக்கறப்ப ஏழாயிரம்."

"பதிமூணு வருஷத்துக்கு ஏழாயிரமா? எங்க ஸ்கூல் ஆயாவுக்கே அதை விட ஜாஸ்தி. நீங்க கேக்கலையா அத்தை?"

"ரெண்டு தடவை கேட்டேன். கேட்டப்ப ஏத்தினாங்க."

"போனஸ்?"

"தீபாவளிக்கு ஒரு சேலை, ஒரு கிலோ ஸ்வீட்டு."

அப்புறம் அரை மணி நேரம் ரெண்டு பேரும் அந்தச் சேட்டு வீட்டைப் பிரிச்சு மேஞ்சாங்க. வட்டி கணக்கு, லீவு கணக்கு, மாதவிலக்கு நாள்ல வர வேணாம்னு சொல்லி அந்த மூணு நாள் சம்பளம் பிடிக்காதது, டம்ளர் விவகாரம் எல்லாம் வந்துச்சு. டம்ளருக்குத் தங்கமணிக்கு வந்த கோபம் எனக்கே வந்ததில்ல. அம்மா நடுவுல புகுந்து, "விடும்மா, வெள்ளத்துல அவங்கதான் எடம் குடுத்தாங்க"ன்னாங்க. "அதுக்கு இது சரியாப் போச்சா?"ன்னா இவ. அம்மா பதில் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு, "தயிர்ல அரிசி மாவு போடறது என் யோசனைதான் தெரியுமா?"ன்னு அந்தக் கதையை மறுபடி முதல்லருந்து ஆரம்பிச்சாங்க. இந்தத் தடவை மாஜி மாதிரியே குரல் மாத்தி.

எனக்கு மிச்சம் ஒரு துண்டு கூட வைக்கல ரெண்டு பேரும். வாணலியை வழிச்சு சாதத்தைப் போட்டுப் பிசைஞ்சு சாப்பிட்டுட்டு நான் பாத்திரம் கழுவப் போயிட்டேன்.

அடுத்த ஞாயிறு அப்பளக் குழம்புன்னு அறிவிப்பு வந்திருக்கு. அதுக்கு நம்ம உளுந்து அப்பளம் ஆகாதாம், பாசிப்பருப்பு அப்பளம் வேணுமாம். சௌகார்பேட்டை போய் வாங்கிட்டு வரச் சொல்லி லிஸ்ட் ரெடி. லிஸ்ட்டு தங்கமணி கையெழுத்து, கீழே கடைசி வரி மட்டும் அம்மா இடது கையால கோணல் மாணலா எழுதியிருக்காங்க: ஓமம் 100 கிராம்.

பி.கு: வெங்காயம் பூண்டு இல்லாம நமக்கு இறங்காதுன்னு சொல்றவங்க, தாளிக்கறப்ப ரெண்டையும் வதக்கிப் போட்டுக்கலாம். நல்லாத்தான் இருக்கும். எங்கம்மா முன்னாடி மட்டும் செஞ்சுடாதீங்க.